அழுத்தாதீங்க, அதுவே வெட்டும்

இரண்டு வாரத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில், நான் இன்னும் பழைய மாடல் இருபக்க பிளேடு (டபுள் எட்ஜ்) ரேஸரில்தான் ஷேவ் செய்கிறேன் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். வந்த கேள்விகளில் பாதி அதைப் பற்றித்தான். சரி, இந்த வாரம் முழுக்க அதுவே. தாடி வளர்க்கிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

பத்து வருஷமாக மூன்று பிளேடு கார்ட்ரிட்ஜ். ஷேவ் செய்த மறுநாள் கழுத்து சிவந்து, பொரிப்பொரியாகக் கிளம்புகிறது. அலுவலக நண்பர் டபுள் எட்ஜுக்கு மாறச் சொல்கிறார். அதில் சாதுவான ரேஸர் என்று ஒன்று உண்டா, எல்லாமே கழுத்தை அறுக்கிற சாதிதானா? (கோவை வாசகர்)

உண்டு. முதலில் உங்கள் கழுத்துக்கு என்ன ஆகிறது என்று சொல்லிவிடுகிறேன். கார்ட்ரிட்ஜில் முன்னால் போகிற பிளேடு முடியைக் கொஞ்சம் இழுத்துக்கொடுக்க, பின்னால் வருவது வெட்டுகிறது. மிச்சமுள்ள முடி தோலுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். சுருட்டை முடி என்றால் வளரும்போது வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே வளைந்து குத்தும், அதுதான் அந்தப் பொரி. போதாததற்கு நீங்கள் ஒரு இழுப்பு இழுத்தால் தோலுக்கு மூன்று சுரண்டல். ஒரே பிளேடு என்றால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும். குறையவில்லை என்றால் தோல் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

இனி ரேஸர். சாதுவா முரடா என்பது கைப்பிடியிலும் இல்லை, விலையிலும் இல்லை, தலையில் இருக்கிறது. பிளேடை மாட்டி, தலையைக் கண்ணுக்கு நேராகப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மேலே வளைந்த மூடி, கீழே தோலைத் தாங்குகிற கம்பி, நடுவில் பிளேடின் ஓரம். ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து மூடியையும் கம்பியையும் தொடுகிற மாதிரி சாய்த்து வையுங்கள். பிளேடு கார்டை முட்டித் தள்ளாமல் உள்ளடங்கி இருந்து, கம்பிக்கும் பிளேடுக்கும் உள்ள சந்தும் சின்னதாக இருந்தால் அது சாது. முட்டினால் முரடு. அப்படியே மறுபக்கமும் பாருங்கள், ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் நீட்டிக்கொண்டிருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால்: ஜெர்மனி சோலிங்கன் ஊரிலிருந்து வரும் மெர்க்குர் 34சி, அதே நாட்டின் மூலே ஆர் 89, இங்கிலாந்தின் எட்வின் ஜாகர் டிஇ 89. மூன்றுமே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ரொம்ப காலமாகச் சொல்லப்படுகிறவை. காசு இருந்தால் ஜப்பானின் ஃபெதர் ஏஎஸ்-டி2, அது சாதுவிலும் சாது. ஒரு எச்சரிக்கை: மூலே கம்பெனியிலேயே ஆர் 41 என்று சீப்புப் பல் வைத்த ஒன்று இருக்கிறது, பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள், அது வேறு ஜாதகம்.

ரொம்ப சாதுவாகப் போவதிலும் ஒரு தொல்லை இருக்கிறது. தடித்த தாடிக்காரர் மூன்று தடவை, நான்கு தடவை என்று ஒரே இடத்தில் இழுத்துக்கொண்டிருப்பார், கடைசியில் பழைய எரிச்சலே திரும்ப வரும். அப்படிப்பட்டவர்களுக்கு 34சி போதும், ஏஎஸ்-டி2 வேண்டாம் என்பது என் கட்சி.

ரேஸர் வாங்கிவிட்டேன். சாதுவானது என்றுதான் சொன்னார்கள். முதல் நாளே காதுக்குக் கீழே ரத்தம். எங்கே தப்பு? (திருச்சி வாசகர்)

அழுத்தியிருப்பீர்கள். வேறொன்றும் இருக்காது. கார்ட்ரிட்ஜின் தலை ஆடும், மடங்கும், நீங்கள் அழுத்துகிற அழுத்தத்தை அது வாங்கிக்கொள்ளும். இந்த ரேஸரின் தலை அசையாது, அழுத்தினால் அழுத்தம் முழுக்கத் தோலுக்குத்தான் போகும். நான் மாறின முதல் வாரத்தில் தாடை மூலையில் இரண்டு இடத்தில் செய்தித்தாளைக் கிழித்து ஒட்டிக்கொண்டு அலுவலகம் போனேன், அதில் ஒன்று வரி விளம்பரம் என்று பக்கத்து சீட்டுக்காரர் படித்தே காட்டினார்.

கைப்பிடியின் அடி நுனியை இரண்டு மூன்று விரலால் மட்டும் பிடியுங்கள். ரேஸரின் கனம்தான் வெட்ட வேண்டும், உங்கள் தோள் இல்லை. மூடியின் மேல்பக்கத்தை கன்னத்தில் தட்டையாக வையுங்கள், கைப்பிடி முகத்தை விட்டு நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்படியே கைப்பிடியை மெதுவாகக் கீழே இறக்குங்கள், பிளேடு தோலைத் தொடுகிற இடத்தில் நிறுத்துங்கள், ஏறக்குறைய 30 டிகிரி வரும். அதுதான் கோணம். சரியாக இருந்தால் சரக் சரக் என்று முடி வெட்டுப்படுகிற சத்தம் கேட்கும், அதனால் ஷேவ் செய்யும்போது பாட்டு போடாதீர்கள், கொஞ்ச நாளைக்கு. இழுப்பு இரண்டு விரல்கடை நீளத்துக்கு மேல் வேண்டாம். தாடை வளைகிற இடத்தில் இடது கையால் தோலைக் காதுப் பக்கமாக இழுத்துப் பிடித்தால் வளைவே சமதளமாகிவிடும், உங்கள் ரத்தம் வந்தது அங்கேதான்.

அப்புறம், முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு நாள் தாடியில் விரலை ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகிற திசைதான் போக்கு, சொரசொரவென்று தடுப்பது எதிர்ப்போக்கு. கன்னத்தில் எல்லோருக்கும் ஏறக்குறைய மேலிருந்து கீழ். கழுத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி, எனக்கு இடது கழுத்தில் காதை நோக்கிப் பக்கவாட்டாக வளர்கிறது. முதல் இரண்டு வாரம் போக்கில் மட்டும் ஒரு தடவை. பழகினதும் நுரையை மறுபடி பூசிக் குறுக்காக ஒரு தடவை. எதிர்ப்போக்கில் போய்த்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

எல்லாம் முடிந்து முகம் கழுவினதும் படிகாரத்தை நனைத்துத் தடவுங்கள். சலூனில் ரத்தம் நிற்கத் தேய்ப்பார்களே, அதேதான். எந்த இடத்தில் சுரீர் என்கிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள், அன்றன்றைக்கே மார்க் தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர். சோப்பு எவ்வளவு தேய்த்தாலும் நுரை நிற்பதில்லை. (சென்னை, வேளச்சேரி வாசகர்)

உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து நுரைக்குப் பதில் வெள்ளைத் திப்பியாகிவிடும். குடிக்கிற தண்ணீர் ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள், பிரஷ் நனைக்க அது போதும். முகம் கழுவ போர் தண்ணீரே இருக்கட்டும். பிரஷை உதறிவிட்டு, கிரீமைக் கொஞ்சம் தாராளமாக எடுத்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் குழையுங்கள். தயிர் மாதிரி பளபளப்பாக வர வேண்டும். பஞ்சு மாதிரி உப்பி நிற்கிற நுரை பார்க்க அழகு, அதில் காற்றுதான் அதிகம், பிளேடு வழுக்காது.

எங்கள் அப்பாவின் ஜில்லெட் ரேஸர் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது, மூன்று துண்டாகக் கழல்கிறது. என் மகன் கேட்கிறான். கொடுக்கலாமா? (கும்பகோணம் வாசகி)

தாராளமாகக் கொடுங்கள் அம்மா. மூன்று துண்டு, பல் இல்லாத தலை என்றால் அது பெரும்பாலும் டெக் என்ற மாடல், நல்ல சாது. 1930களின் கடைசியில் வந்து பல பத்தாண்டு விற்றது. கிங் கேம்ப் ஜில்லெட் இந்த வகை ரேஸரை விற்கத் தொடங்கிய 1903இல் மொத்தம் போனதே 51 ரேஸர்தான், காப்புரிமை கையில் வந்தது 1904இல். இன்றைக்குப் பெட்டிக்கடையில் தொங்குகிற பிளேடு உங்கள் அப்பாவின் ரேஸரில் அப்படியே உட்காரும். எந்தக் கம்பெனியின் கார்ட்ரிட்ஜையாவது அப்படிச் சொல்ல முடியுமா?

வெந்நீரில் பாத்திரம் தேய்க்கிற சோப்பு கலந்து ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷால் தேயுங்கள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் மேல் பூச்சு போய்விடும். மரை தேயாமல், மூடி கோணாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பையனுக்குப் பரு இருந்தால் அது ஆறும்வரை டிரிம்மர் போதும், பருமேல் பிளேடு வேண்டவே வேண்டாம்.

எந்த பிளேடு? எத்தனை ஷேவ்? (மதுரை வாசகர்)

மூன்றிலிருந்து ஐந்து. முடி இழுபட ஆரம்பித்தால் இரண்டாவதிலேயே தூக்கிப்போடுங்கள், ஒரு கார்ட்ரிட்ஜ் விலைக்குப் பல பிளேடு வரும், இதில் என்ன சிக்கனம். எது என்பதை நான் சொல்ல முடியாது. டோபாஸ், செவன் ஓ கிளாக், அஸ்ட்ரா என்று நாலைந்து வகையில் ஒவ்வொரு பாக்கெட் வாங்கி உங்கள் கன்னத்தையே கேளுங்கள். ஃபெதர் பிளேடு ரொம்பக் கூர், கை பழகின பிறகு. சாதுவான ரேஸரில் கூரான பிளேடு போடலாம், மழுங்கின பிளேடைப் போட்டு அழுத்துவதுதான் வம்பு. பிளேடின் ஓரத்தைத் துண்டால் துடைக்காதீர்கள், அலசி உதறினால் போதும். ஒருவர் பிளேடை இன்னொருவர் தொடக் கூடாது, அண்ணன் தம்பியாக இருந்தாலும். ஹெபடைடிஸ் பி ரத்தத்தில் பரவுவது.

மலைக்குப் போய்விட்டு வந்து 48 நாள் தாடியை இதில் எடுக்கலாமா? (சேலம் வாசகர்)

நேராக எடுக்க முடியாது சாமி, பிளேடுக்கும் கம்பிக்கும் நடுவில் முடி அடைத்துக்கொண்டு இழுக்கும். டிரிம்மராலோ கத்தரிக்கோலாலோ ஒட்ட வெட்டிவிட்டு, வெந்நீரில் முகம் கழுவி, நுரையை இரண்டு நிமிஷம் ஊறவிட்டு, அப்புறம் தொடங்குங்கள். ஒன்றரை மாதம் பிளேடு படாத தோல், அன்றைக்குப் போக்கில் ஒரே தடவையோடு விட்டுவிடுங்கள்.

விமானத்தில்? (துபாயிலிருந்து ஒரு வாசகர்)

பிளேடு கைப்பையில் கூடாது, பெரிய பெட்டியில் போடுங்கள். ரேஸரையும் அதோடு போட்டுவிட்டால் செக்யூரிட்டியில் வாதாட வேண்டியதில்லை.

பழைய பிளேடுகளை என்ன செய்கிறீர்கள்? (புதுச்சேரி வாசகி)

நல்ல வேளை கேட்டீர்கள். பால் கவருக்குள் போட்டுக் குப்பையில் எறிந்தால் நம் தெருவில் குப்பையைப் பிரிக்கிறவர் கையைத்தான் அது கிழிக்கும். நான் ஒரு பவுடர் டப்பாவின் பக்கத்தில் பிளேடு நுழைகிற அளவுக்குக் கீறல் போட்டு, மூடியை ஒட்டிவிட்டேன். உள்ளே போனது வெளியே வராது. ஆறு வருஷமாகியும் இன்னும் பாதிகூட நிரம்பவில்லை. நிரம்பினதும் டேப் சுற்றி, மேலே பெரிதாக 'பிளேடு' என்று எழுதித் தூய்மைப் பணியாளர் கையில் சொல்லிக் கொடுப்பதாக இருக்கிறேன்.