பம்பு எந்த நாளில் நின்றது? இரண்டு திகதிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் தரவு

முல்லைத்தீவுப் பக்கம் குழாய்க் கிணற்றுக் கைப்பம்புகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம். பழுதைக் கண்ட நாளையே பழுதான நாளாகப் பதிகிறோம். பிழையா?

பிழைதான். மே மாதம் தண்ணீர் தந்த பம்பு ஓகஸ்ட்டில் தரவில்லை என்றால், நடுவில் ஏதோ ஒருநாள் நின்றது என்பது மட்டுமே உங்களுக்குத் தெரியும். இதைத்தான் இன்டர்வல் சென்சரிங் என்கிறோம். கண்ட நாளைப் போட்டால் எல்லாப் பம்பும் உண்மையைவிடக் கூடுதல் காலம் உழைத்ததாகக் கணக்கு வரும். நடுநாளைப் போடுவதும் எப்போதும் சரிவராது. பத்து வருடம் உழைக்கும் உதிரிப்பாகத்துக்கு மூன்று மாதம் பெரிய விஷயமில்லை. ஒரு வருடத்தில் தேய்ந்துபோகும் வாஷருக்கு அது பெரிய விஷயம். ஒரேயொரு நாளைக் கொடுத்தால், அது துல்லியமாகத் தெரியும் என்று மென்பொருள் நம்பிவிடும், நம்பிக்கை ஆயிடையும் (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லையும்) பொய்யாகச் சுருங்கிவிடும். தயவுசெய்து கடைசியாக ஓடக் கண்ட திகதி, முதலில் நின்றிருக்கக் கண்ட திகதி இரண்டையும் கொப்பியில் எழுதுங்கள். அந்தத் திகதி தொலைந்தால் எந்த முறையாலும் மீட்க முடியாது.

சரி, இரண்டு திகதியும் இருக்கிறது. எத்தனை வீதம் பம்பு எவ்வளவு காலம் தாங்கியது என்று காட்டும் கப்லான்–மெயர் வளைகோடு போடலாமா?

1958இல் வந்த அந்த முறைக்குச் சரியான நாள் வேண்டும். உங்களுக்கு ஏற்றது, இப்படி இடைவெளியாக மட்டும் தெரியும் தரவுக்கென்று 1976இல் புள்ளியியலாளர் டர்ன்புல் தந்த முறை. ஒரு பம்பு 3ஆம் மாதத்துக்கும் 6ஆம் மாதத்துக்கும் இடையில் நின்றது, இன்னொன்று 5க்கும் 8க்கும் இடையில் நின்றது என்று வைப்போம். இரண்டுக்கும் பொதுவான இடம் 5க்கும் 6க்கும் நடுவில்தான். இந்த இரண்டு மட்டுமே தரவு என்றால், முழு நிகழ்தகவும் அந்த ஒரு மாதத்தில் போய் விழும். அந்த மாதத்துக்குள் அது எப்படிப் பரவியிருக்கிறது என்று தரவு சொல்லாது. அங்கே நீங்களாகக் கோடு கீறினால் அது ஊகம்தான். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளின் ‘சர்வைவல்’ (survival) தொகுப்பு இதைச் செய்யும். பழுதாகும் வேகத்தை எந்தக் காரணிகள் கூட்டுகின்றன, குறைக்கின்றன என்று பார்க்கும் கொக்ஸ் மாதிரியும் அதே தொகுப்பில் உண்டு, ஆனால் அது இந்தத் தரவை ஏற்காது. அதற்கு ‘ஐசென்ரெக்’ (icenReg) என்ற இன்னொரு தொகுப்பு இருக்கிறது. அதில் பூட்ஸ்ட்ராப் எண்ணிக்கையை, அதாவது தரவிலிருந்தே எத்தனை முறை மீண்டும் மீண்டும் எடுத்துக் கணக்கிட வேண்டும் என்பதை, நீங்களே கொடுக்க வேண்டும், விட்டால் நியம வழு (மதிப்பீடு எவ்வளவு தளம்பும் என்ற அளவு) கிடைக்காது.

கடைசிப் பயணத்திலும் ஓடிக்கொண்டிருந்த பம்பை விட்டுவிடலாமா?

வேண்டாம். ‘இந்தத் திகதிக்குப் பிறகு’ என்று அதையும் சேருங்கள். விட்டால் நல்ல பம்புகளே கணக்கில் இல்லாமல் போகும்.

கிளிநொச்சியில் பனம்விதை முளைப்பை ஆராய்கிறேன். பாத்தியைக் கிளறினால் அந்த விதை கெட்டுவிடுகிறது.

அப்படியானால் ஒரு விதையை ஒருமுறைதான் பார்க்கலாம். முளைத்ததா இல்லையா, அவ்வளவுதான் தெரியும். அதுவே போதும், ஆனால் கிளறும் நாட்களைப் பரவலாக வையுங்கள். 20ஆம் நாள் பத்தில் 3, 30ஆம் நாள் பத்தில் 2 முளைத்திருந்தால் பதற வேண்டாம். முளைத்த விகிதம் காலத்தோடு குறையாது என்பதால் இரண்டையும் சேர்த்து 20இல் 5, அதாவது 0.25 என்று இரு நாளுக்கும் எடுப்போம்.

வவுனியாவில் சிறுநீரக நோயாளரைத் தொடர்கிறேன். சிலர் கால் வீங்கினால்தான் கிளினிக்குக்கு வருகிறார்கள்.

நான் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். பார்க்கும் நாள் நோயின் போக்கைச் சாராதது என்ற எடுகோளில்தான் மேலே சொன்ன எல்லா முறையும் நிற்கிறது. மாரி மழையில் வீதி மூடி ஒருவர் வராவிட்டால் அந்த எடுகோள் பெரும்பாலும் உடையாது. வீக்கம் கண்டு ஓடிவந்தால் உடையும். ஒவ்வொரு வருகைக்கும் ‘கொடுத்த திகதி’யா ‘தானாக வந்தது’வா என்று குறியுங்கள். கொடுத்த திகதிகளில் எடுத்த கிரியேட்டினின் சோதனைகளை (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தச் சோதனைகளை) மட்டும் வைத்து ஒருமுறை, எல்லாவற்றையும் வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இரண்டு வளைகோடும் விலகிப் போனால் அந்த விலகலையும் கட்டுரையில் காட்டுங்கள்.