வாசகர் கேள்வி பதில்: பழைய நாணயக் குத்திகளை ஒன்றாகக் கொடுப்பதா, பிரித்து விற்பதா?

கேள்வி: அண்ணா, வணக்கம். அப்பா காலமான பிறகு அவர் சேர்த்து வைத்த பழைய நாணயக் குத்திகளை விற்கலாம் என்று வீட்டில் முடிவெடுத்திருக்கிறோம். ஒரு பிஸ்கட் தகரமும் இரண்டு அல்பமும் நிறைய இருக்கின்றன. பிரித்தானிய இந்தியாவின் வெள்ளி ரூபா, இலங்கையின் பழைய ஐம்பது சதம், சதுர ஐந்து சதம், 1957ஆம் ஆண்டு புத்த ஜயந்திக் குத்திகள், மாவட்டங்களின் பெயரில் வந்த பத்து ரூபாக் குத்திகள் என்று எல்லாம் கலந்து கிடக்கின்றன. வவுனியாவில் ஒருவர் முழுவதையும் ஒரே விலைக்கு எடுக்கிறேன் என்கிறார். கொழும்பிலிருந்து வந்த இன்னொருவர் ஒன்பது குத்திகளை மட்டும் தெரிந்தெடுத்து, இவற்றுக்கு மட்டும் அந்த மொத்த விலையில் பாதிக்கு மேல் தருகிறேன் என்கிறார். ஒன்றாகக் கொடுத்துவிட்டுக் காசைப் பிரிப்போம் என்பது அக்காவின் எண்ணம். கனடாவில் இருக்கும் தம்பி ஒவ்வொன்றாக விற்றால்தான் லாபம் என்கிறான். என்ன செய்யலாம்?
வாசகி, மாங்குளம்

பதில்: தங்கச்சி, இரண்டு பேருக்கும் இப்போதைக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள். கொழும்பிலிருந்து வந்தவர் எந்த ஒன்பதைத் தொட்டார் என்று ஞாபகம் இருக்கிறதுதானே, அதை இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், ஆண்டோடு. தகரத்தின் பெறுமதி பெரும்பாலும் அந்த ஒன்பதில்தான் இருக்கிறது என்று அவரே காட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவற்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் மிச்சத்தை வவுனியாக்காரர் பழைய விலைக்கு எடுக்க மாட்டார், எடுக்கவே மறுக்கவும் கூடும். அதனால் முழுவதற்கும் ஒரு வழி காணும்வரை நல்லதைத் தனியே எடுக்க யாரையும் விடக்கூடாது.

ஒன்றாகவா தனித்தனியாகவா என்று தகரம் முழுவதற்கும் ஒரே பதில் சொல்ல நான் விரும்பவில்லை. உங்களிடம் இருப்பது மூன்று விதமான சாமான், மூன்றையும் மூன்று விதமாகத்தான் விற்க வேண்டும்.

முதலாவது, உண்மையிலேயே செட்டாக இருப்பவை. ஒரே தகரத்தில் கிடந்ததால் ஒரு குவியல் செட் ஆகிவிடாது. முழுமையானது என்று ஒரு சேகரிப்பாளர் ஏற்றுக்கொள்ளும் வரிசை இருந்தால்தான் அதற்குத் தனி விலை. மாவட்டக் குத்திகளை எடுங்கள். 2013 என்று பொறித்து, 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக மத்திய வங்கி வெளியிட்டது. தனித்தனியாக விற்கப் போனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, 25உம் ஒரே தரத்தில், தேயாமல், அல்பத்தில் வரிசையாக இருந்தால் அப்படியே எடுக்க ஆள் வரும். உங்களிடம் எத்தனை இருக்கிறது என்று எழுதவில்லை. எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டு குறைந்தால் அவசரப்பட்டு விற்காமல், குறைவதைத் தனியாக வாங்கி நிரப்பிவிட்டு விற்பது நல்லது, அந்தச் செலவு திரும்பி வரும். பத்துக்கு மேல் குறைந்தால் அந்த யோசனையை விடுங்கள். அப்போதும் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஐந்தும் இருந்தால் வடக்கின் ஐந்து என்று தனியாகக் கொடுக்கலாம். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனம் தங்கள் மாவட்டத்தின் பெயர் பொறித்த குத்தியைக் கேட்டு வாங்கும், தம்பி கனடாவில் இருப்பது அதற்கு உதவியாக இருக்கும். நிரப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பளபளப்பாக இருக்கும் 24க்கு நடுவில் கடை கடையாகச் சுற்றித் தேய்ந்த ஒன்றை வைத்தால், வாங்குபவர் அந்த ஒன்றைப் பார்த்துத்தான் விலை பேசுவார்.

புத்த ஜயந்திக் குத்திகளும் அப்படித்தான். 1957இல் ஒரு ரூபாவும் ஐந்து ரூபாவும் வந்தன. ஐந்து ரூபா வெள்ளி, எடை 28 கிராமுக்கு மேல் வரும். ஒரு ரூபா செம்பும் நிக்கலும் கலந்தது. வெள்ளிக் குத்தியை மட்டும் கேட்பவர்கள்தான் அதிகம். ஒரு ரூபாவைத் தனியே விட்டால் அது தேடுவாரில்லாமல் கிடக்கும், எனவே சோடியாகவே பேசுங்கள்.

இரண்டாவது, தனித்தனியே பார்க்க வேண்டியவை. இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் ஏமாறுவதும் இங்கேதான். பிரித்தானிய இந்திய வெள்ளி ரூபா எல்லாம் ஒரே மாதிரித் தெரியும், ஆனால் ஆண்டுக்கு ஆண்டு கதை வேறு. நிறையும் வெள்ளியும் முதலில்: பழைய ரூபா 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940இலிருந்து வந்தவற்றில் பாதிதான் வெள்ளி, 1947இல் வந்தது வெறும் நிக்கல். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் 1917, 1918, 1919 போன்ற ஆண்டுகள் எங்கும் கிடைக்கும், அவற்றுக்குப் பெரும்பாலும் வெள்ளி விலைதான். அதே மன்னரின் 1911 ரூபா இருந்தால் ஒதுக்கி வையுங்கள். அதில் மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள், அதனால் சேகரிப்பவர்கள் அதைத் தேடுவார்கள். 1939 ரூபா அதைவிட அரியது, ஆனால் அதில் போலிகளும் உண்டு. யாராவது உங்களிடம் 1939ஐக் கண்டு கண்ணை அகல விரித்தால், அது அசலா என்று தெரிந்த இன்னொருவரிடம் காட்டாமல் விலை பேசாதீர்கள்.

இலங்கையின் ஐம்பது சதத்திலும் ஆண்டைப் பாருங்கள். 1917 வரை 80 சதவீத வெள்ளி, 1919இலிருந்து 55 சதவீதம், 1943இல் வந்தது மஞ்சளான நிக்கல் பித்தளை. எல்லாம் வெள்ளி என்று சொல்லி விற்றால் உங்கள் பேச்சுக்கு மதிப்புப் போய்விடும். எல்லாவற்றையும் பித்தளை என்று சொல்லி எடுக்கப் பார்ப்பவரும் இருப்பார். நம்பிக்கையான நகைக்கடை ஒன்றில் வெள்ளிக் குத்திகளை நிறுத்து, ஒவ்வொன்றுக்கும் நேரே கிராமை எழுதி வாங்குங்கள். நிறுப்பதற்கு மட்டும், உரசிப் பார்க்க விடாதீர்கள்.

மூன்றாவது, மிச்சம். தேய்ந்த செப்புச் சதங்கள், சதுர ஐந்து சதங்கள், வெளிநாட்டுச் சில்லறை. தம்பி சொல்வது போல இவற்றையும் ஒவ்வொன்றாக விற்பது என்றால், ஒரு சதக் குத்திக்குப் படம் எடுத்து, பத்துப் பேரோடு கதைத்து, உறையில் போட்டுத் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு, வருடக்கணக்கில் இழுபடும், கிடைப்பது தபால் செலவுக்கும் காணாது. இதில் அக்கா சொல்வதுதான் சரி, மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். வவுனியாக்காரருக்கு இந்தப் பகுதியைக் காட்டுங்கள்.

விலை பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் ஒரு குத்திக்கு எழுதியிருக்கும் விலை, விற்பவர் கேட்கும் விலை. இபே என்ற இணைய விற்பனைத் தளத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியே பார்க்கலாம், தம்பியிடம் சொன்னால் பார்த்துத் தருவான். வியாபாரி அதைவிடக் குறைத்துத்தான் தருவார், அவரும் திரும்ப விற்க வேண்டும், ஆள் கிடைக்கும்வரை காசை முடக்க வேண்டும். அதில் தப்பில்லை. ஆனால் குறைந்தது மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள், மூன்று பேருக்கும் ஒரே பட்டியலைக் காட்டுங்கள். அல்பத்தைக் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குத் தேத்தண்ணி போடப் போகாதீர்கள்.

கடைசியாக, பட்டியலை எழுதி, இரண்டு பக்கமும் படம் எடுத்து, சகோதரங்கள் நீங்கள் மூன்று பேரும் பார்த்த பிறகே விற்பனையைத் தொடங்குங்கள். யாருக்காவது அப்பாவின் ஞாபகமாக ஒரு குத்தி வேண்டும் என்றால் அதை விலை பேசுவதற்கு முன்பே எடுத்து வையுங்கள், செட்டிலிருந்து எடுக்காமல். விற்ற பிறகு "அதை ஏன் கொடுத்தாய்" என்று சகோதரங்களுக்குள் வரும் மனக்கசப்பு, குத்தியில் வரும் நட்டத்தைவிடப் பெரிது.

கேள்வி: என்னிடம் இருக்கும் செப்புக் குத்திகள் கறுத்துப்போய் இருக்கின்றன. விற்பதற்கு முன் பழப்புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார் அம்மா. செய்யலாமா?
வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: வேண்டாம் தம்பி. புளியும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம், பல்பொடியும் வேண்டாம். குத்துவிளக்கை மினுக்குவது வேறு. செம்பின் மேல் காலம் போகப் போகப் படியும் நிறத்தைத்தான் சேகரிப்பவர் பார்ப்பார், தேய்த்து மினுக்கினால் அவருக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும், போன நிறம் திரும்பாது. மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் நனைத்து, தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். மலிவான மெல்லிய பிளாஸ்ரிக் உறைகளில் வைத்தால் நாளடைவில் பச்சையாகப் பசை பிடிக்கும், காகித உறை போதும், மாரி காலத்தில் ஈரம் படாத இடமாகப் பாருங்கள்.

கேள்வி: கிணறு வெட்டும்போது சிறிய செப்புக் குத்திகள் கொஞ்சம் கிடைத்தன, மாட்டு உருவம் மங்கலாகத் தெரிகிறது. ஒவ்வொன்றாக விற்றால் நல்ல விலை வரும் என்கிறார்கள். உண்மையா?
வாசகர், முழங்காவில்

பதில்: படுத்திருக்கும் நந்தியும் அதன் கீழே "சேது" என்ற எழுத்தும் இருந்தால் அது யாழ்ப்பாண இராச்சியத்தின் ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட சேதுக் காசாக இருக்கலாம். ஆனால் ஐயா, இதில் பிரித்து விற்பது, ஒன்றாக விற்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. நிலத்துக்குள்ளிருந்து வந்த பழம்பொருள் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிறது, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும், அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. விற்றால் வாங்கியவரோடு நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். எந்த ஆழத்தில், எந்த மண்ணில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதை எழுதி, எல்லாவற்றையும் ஒன்றாகவே வைத்து ஒப்படையுங்கள், ஏனென்றால் சிதறிப் போன காசுகளிலிருந்து அந்த இடத்தின் சரித்திரத்தை யாராலும் எழுத முடியாது. இன்னும் இருக்கும் என்று சொல்லி உலோகம் தேடும் கருவியோடு யாராவது வந்தால் காணிக்குள் விடாதீர்கள். அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம், அதோடு எங்கள் பக்கத்தில் கண்ணிவெடி முழுதாக அகற்றி முடியாத காணிகள் இன்னும் இருக்கின்றன.