சிம்கோ ஏரிக்குப் போகுமுன் கடைக்குப் போகிறவர்களுக்கு

கேள்வி: நானும் மைத்துனரும் சிம்கோ ஏரியில் ஐஸைத் துளைத்து மீன் பிடிக்க முதல் தடவையாகப் போகிறோம். 300 டொலருக்குள் என்னென்ன வாங்கலாம்? (ஸ்காபரோ)

பதில்: தாராளமாகப் போதும். ஐஸைத் துளைக்கும் 6 அங்குலக் கை ஓகர் ஒன்று இருவருக்கும் காணும். நீங்கள் பிடிக்கப் போவது பேர்ச் என்னும் சின்ன மீன். அதற்கு 8 அங்குல ஓட்டை போடுவது தோளுக்குக் கேடு. லேக் ட்ரவுட் என்னும் பெரிய மீனில் ஆசை வந்தால் பிறகு பார்க்கலாம். ஆளுக்கு 28 அங்குலமளவில் நுனி மெல்லிய தடி ஒன்று, 4 பவுண்டு தாங்கும் தங்கூசி (தூண்டில் நரம்பு), பாரத்தோடு சேர்ந்த தூண்டில் முள்ளான சின்ன டங்ஸ்டன் ஜிக் நாலைந்து. ஓட்டையில் மிதக்கும் ஐஸ்தூளை அள்ள வீட்டு அரிகரண்டி போதும், வீட்டுக்காரியிடம் கேட்டுவிட்டு எடுங்கள். வாளியைக் கவிழ்த்தால் அதுவே கதிரை. மிச்சக் காசில், விழுந்தால் ஐஸில் குத்தி ஏறும் கைப்பிடி ஆணிச் சோடி வாங்கிக் கழுத்தில் போடுங்கள். 18 முதல் 64 வயது வரையுள்ள ஒன்ராறியோவாசிக்கு அவுட்டோர்ஸ் கார்டும் மீன்பிடி உரிமமும் வேண்டும். குறைவாகப் பிடிப்பவர்களுக்கான மலிவான கன்சர்வேஷன் உரிமம் எடுங்கள். அதில் ஒருவருக்கு 25 பேர்ச் வரை வைத்திருக்கலாம். முதல் நாளில் 25 பிடித்தால் எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: தடி, ரீல், தங்கூசி, ஜிக் எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் மலிவாக விற்கிறார்கள். வாங்கலாமா? (மார்க்கம்)

பதில்: நானும் அப்படி ஒன்று வாங்கினேன். பெட்டியோடு வந்த தங்கூசி கோழிக்கால் மொத்தம். ரீலில் இருந்து இறங்கும்போது ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டே நின்றது. சின்ன ஜிக்கின் பாரத்துக்கு அது நிமிரவே இல்லை. பத்து மணிக்குக் குளிர் கூட, ரீலுக்குள் இருந்த கிறீஸ் பாகு இறுகினமாதிரி இறுகிவிட்டது. அதன்பிறகு கைப்பிடி இரண்டு பக்கமும் சுற்றியது, மீன் ஒரு பக்கமும் வரவில்லை. வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் அந்தத் தங்கூசியை உருவி எறிந்துவிட்டு மெல்லியது சுற்றுங்கள். ரீலின் கிறீஸைத் துடைத்து, குளிருக்கான எண்ணெய் ஒரு துளி விடுங்கள். அந்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள், மலிவு எங்கே போனது என்று தெரியும்.

கேள்வி: போன வருடம் வாங்கிய ஓகர் இந்த வருடம் ஐஸைக் கடிக்கவில்லை. ரசீது இல்லை. அலகுக்கு மூடி போடாமல் கார் டிக்கியில்தான் கிடந்தது. கடைக்காரர் மாற்ற மறுக்கிறார். (பிரம்டன்)

பதில்: மறுக்கத்தான் செய்வார். வருடம் முழுக்க அலகு மண்வெட்டியோடு உரசிக் கிடந்திருக்கிறது, அதற்கு அவர் என்ன செய்வார்? கடையில் நேரே வாங்கிய பொருளுக்கு, பழுது இல்லாவிட்டால், திருப்பி எடுப்பது அந்தக் கடையின் விருப்பம். சட்டம் அல்ல. புது அலகுச் சோடி வாங்கிப் பூட்டுங்கள். கத்தி தீட்டுகிறவரிடம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். என்னுடையதை ஒருவர் கண்ணாடிமாதிரிப் பளபளக்கத் தீட்டித் தந்தார். கோணம் மாறிவிட்டதால் அது ஐஸின்மேல் சும்மா வழுக்கிக்கொண்டு நின்றது.

கேள்வி: இணையத்தில் மீன் நிற்கும் இடம் காட்டும் பெயர்பெற்ற சோனார் கருவி பாதி விலைக்கு என்று விளம்பரம் கண்டு கிரெடிட் கார்ட்டில் கட்டினேன். பெட்டிக்குள் வந்தது விளையாட்டுச் சாமான். கடைக்கு எழுதினால் பதில் இல்லை. மகன் சிரிக்கிறான். (ஏஜாக்ஸ்)

பதில்: மகனைச் சிரிக்க விடுங்கள், இந்த வலையில் கெட்டிக்காரர்களும் விழுகிறார்கள். கார்ட்டில் கட்டியது உங்கள் நல்ல காலம். விளம்பரத்தையும் பெட்டியையும் உள்ளே இருந்ததையும் படம் எடுத்து வையுங்கள். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய் சொல்லி விற்றதை ஒரு வருடத்துக்குள் ரத்துச் செய்யலாம். ரத்துச் செய்கிறேன் என்று எழுத்தில் அனுப்புங்கள். 15 நாளில் காசு வராவிட்டால், அடுத்த 60 நாளுக்குள் கார்ட் நிறுவனத்துக்கு எழுதுங்கள். ஆனால் இன்றைக்கே அவர்களுக்கு ஒருமுறை தொலைபேசியும் எடுங்கள். அவர்களுடைய சொந்தக் கெடு வேறு ஓடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: −40 என்று போட்ட சப்பாத்து வாங்கினேன். −12இலேயே கால் விறைத்தது. ஏமாற்றா? (மிசிசாகா)

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அந்த எண்ணைப் பெரும்பாலும் சப்பாத்துச் செய்தவர்களே போடுகிறார்கள். எல்லோரும் கட்டாயம் பின்பற்ற வேண்டிய ஒரே அளவுகோல் கடையில் கிடையாது. நடந்துகொண்டே இருக்கிற கால்களை நினைத்துச் சொன்ன எண் அது, நீங்களோ வாளிமேல் நாலு மணித்தியாலம் அசையாமல் இருந்தீர்கள். அது போதாதென்று இரண்டு சோடி மொத்தக் காலுறை போட்டு இறுக்கியிருப்பீர்கள். குளிரைத் தடுப்பது உள்ளே நிற்கும் காற்று. இறுக்கினால் காற்றும் போகும், இரத்த ஓட்டமும் குறையும். ஒரு அளவு பெரிதாக, உள்ளுறை கழன்று வருவதாக வாங்குங்கள். இரவில் உள்ளுறையைக் கழற்றிக் காய வையுங்கள். காலுக்கடியில் பழைய யோகா பாய்த்துண்டு ஒன்று போட்டால் பாதிப் பிரச்சினை போச்சு. வழுக்கும் விஷயம் இன்னும் மோசம். ரொறன்ரோ ஆய்வாளர்கள் 2016இல் 98 வகைக் குளிர்காலச் சப்பாத்துகளை ஐஸில் நடத்திப் பார்த்தார்கள். பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சப்பாத்துக்கு அடியில் மாட்டும் முள்ளுப்பட்டி ஒன்று வாங்கிப் பூட்டுங்கள்.

கேள்வி: கூடாரத்துக்குள் கரி பார்பிக்யூ வைத்தால் சூடும் ஆச்சு, மீனும் ஆச்சு. சரிதானே?

பதில்: மூன்றாவதாகப் பிணமும் ஆகும், கரிப்புகையில் கார்பன் மொனொக்சைட் இருக்கிறது.

கேள்வி: மீன் கடிக்கிறதே தெரியவில்லை. தண்ணீருக்குள் பார்க்கக் கமெரா வாங்கலாமா? (பிக்கரிங்)

பதில்: முதலில் தடி நுனியில் மாட்டும் மெல்லிய ஸ்பிரிங் ஒன்று வாங்குங்கள், சில டொலர்தான். ஜிக்கைத் தரையில் தொடவிட்டு ஒரு அடி தூக்குங்கள். அரை அடி மேலே ஆட்டி, விட்டு, பத்து எண்ணும்வரை கையை அசைக்காதீர்கள். கடி அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் வரும். பேர்ச் எப்போதும் இழுப்பதில்லை. சில நேரம் இரையை வாயில் வைத்துக்கொண்டு மேலே வரும். அப்போது வளைந்திருந்த ஸ்பிரிங் நிமிரும், தங்கூசி தளரும். நிமிர்ந்த உடனே தூக்குங்கள்.

கேள்வி: 4 அங்குல ஐஸ் போதும் என்று கடைக்காரர் சொன்னார். காரை ஏரிக்குள் இறக்கலாமா?

பதில்: அவர் சொன்னது தெளிந்த ஐஸில் நடக்கிறவருக்கு. வெள்ளையாகத் தெரிகிற ஐஸின் பலம் அதில் பாதிதான். காரைக் கரையில் விட்டுவிட்டு நடங்கள்.