முப்பது வருடக் குத்தகை முடிகிறது: சந்தபுரியில் மனை அவர்களுடையது, வீடு யாருடையது?

கேள்வி: வக்கீல் ஐயா அவர்களுக்கு, எனக்குச் சொந்த ஊர் கூத்தாநல்லூர். தாய்லாந்தில் கல் வியாபாரம் பார்த்தேன். சந்தபுரியில் 1 ராய் (அங்குள்ள நில அளவு) மனையை 1997 மார்ச்சில் 30 வருடக் குத்தகைக்கு எடுத்து, பதிவும் செய்து, என் சொந்தச் செலவில் அதில் வீடு கட்டினேன். 2016-இல் ஊர் திரும்பிவிட்டேன். வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். 'காலம் முடிந்ததும் மேலும் 30 வருடத்துக்குப் புதுப்பித்துத் தரப்படும்' என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. இடத்துக்காரர் மூன்று வருடத்துக்கு முன் இறந்துபோனார். அவர் மகள், "அப்பா சொன்னதற்கு நான் பொறுப்பில்லை, காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் இன்றைய விலைக்குப் புதிதாக எழுதுங்கள்" என்கிறார். வீடு யாருக்கு? சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் பெயரில் எழுதலாமா? இங்கிருந்து பணம் அனுப்பலாமா? அங்குள்ள நண்பர் ஒருவர், ஒரு தாய்லாந்துக்காரர் பெயரில் இடத்தையே வாங்கிவிடலாம் என்கிறார்.

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கவலை தந்தது அந்தப் புதுப்பித்தல் வாசகம். அதை நம்பித்தான் இத்தனை வருடம் நிம்மதியாக இருந்திருக்கிறீர்கள். நம் டெல்டாவில் குத்தகை என்றாலே நமக்கு ஒரு மனப்பழக்கம் உண்டு. 1955-ஆம் வருடப் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, குத்தகைக்காரரைச் சுலபத்தில் வெளியேற்ற முடியாது, அவர் போனால் பிள்ளை உழுவார் என்பது இங்கே ஊறிப்போன விஷயம். தாய்லாந்துச் சட்டத்தில் அப்படி ஒரு நிழல் கிடையாது. அங்கே மனைக் குத்தகை என்பது எழுதிக்கொண்ட இரண்டு பேருக்கு இடையிலான ஒப்பந்தம், குறித்த நாளில் முடிந்துவிடும். உங்கள் நிலைமையை நம் கோயில் அடிமனையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஓரளவு புரியும்: தரை ஒருவருடையது, மேலே நிற்கிற கட்டடம் இன்னொருவருடையது.

தாய்லாந்தின் சிவில் மற்றும் வணிகச் சட்டத்தொகுப்பில் 540-ஆம் பிரிவுப்படி, அசையாச் சொத்தின் குத்தகை 30 வருடத்தைத் தாண்டக் கூடாது. அதிகமாக எழுதினாலும் 30-ஆகக் குறைந்துவிடும். புதுப்பிக்கலாம், ஆனால் அது புதுப்பிக்கும் நாளிலிருந்து எண்ணப்படும் இன்னொரு குத்தகை. அதற்கும் இரு தரப்பும் கையெழுத்திட்டு நில அலுவலகத்தில் பதிய வேண்டும். 538-ஆம் பிரிவுப்படி பதியாத குத்தகை 3 வருடத்துக்கு மேல் செல்லாது. ஆகவே உங்கள் ஒப்பந்தத்தில் இருப்பது இரண்டாவது 30 வருடம் அல்ல, இரண்டாவது 30 வருடத்தைத் தருவதாக இடத்துக்காரர் கொடுத்த வாக்கு.

அந்த வாக்கு மகளைக் கட்டுமா? மனை கைமாறினாலும் நடப்புக் குத்தகை முறியாது, புது உரிமையாளர் அதை ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று 569-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் கடைசி நாள் வரை அவர் உங்களை அசைக்க முடியாது, "காலி செய்யுங்கள்" என்று இப்போது சொல்வதற்கு அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் புதுப்பித்துத் தருவேன் என்ற வாக்கு குத்தகையின் அங்கம் அல்ல, கொடுத்தவரின் தனிப்பட்ட வாக்கு என்றுதான் அங்குள்ள உச்ச நீதிமன்றம் பார்த்து வந்திருக்கிறது. உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது: "ஏற்றுக்கொள்கிறேன்" என்று நீங்கள் எழுத்தில் கொடுத்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை, அதற்குள் இடத்துக்காரர் இறந்துவிட்டார், அது உங்களுக்கும் தெரியும். 360-ஆம் பிரிவைக் காட்டி, அந்த வாக்கு அவரோடு போயிற்று என்று மகளின் வக்கீல் வாதிடுவார். வலுவான வாதம் அது. இடத்துக்காரர் உயிரோடு இருந்தபோது, "புதுப்பிக்க விரும்புகிறேன்" என்று நீங்கள் எழுதிய கடிதமோ, அவர் "சரி" என்று போட்ட பதிலோ ஒரு துண்டுச் சீட்டாக இருந்தாலும் தேடி எடுங்கள். வழக்கின் போக்கையே மாற்றக்கூடியது அது. அப்படி ஒன்றும் இல்லையென்றால் வழக்குப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பேசி முடிப்பதுதான் வழி. பேசுவதற்கு உங்கள் கையில் இருக்கும் பலம், மிச்சமிருக்கும் மாதங்களும் அந்த வீடும்.

பேச உட்காருவதற்கு முன்னால் காகிதங்களைப் பாருங்கள். மனைப் பத்திரத்தை அங்கே சனோட் என்பார்கள். தலையில் சிவப்புக் கருடன் இருந்தால் அது முழு உரிமைப் பத்திரம். பச்சைக் கருடனும் கறுப்புக் கருடனும் அதற்குக் கீழ்ப்படிகள். அதன் பின்பக்கம்தான் முக்கியம். நாம் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியாக மனுப்போட்டு வாங்கும் வில்லங்கச் சான்றின் வேலையை அந்தப் பின்பக்கக் கட்டங்களே செய்துவிடும். ஒவ்வொரு வரியிலும் தேதி, நடவடிக்கையின் பெயர், கொடுத்தவர், பெற்றவர், பரப்பு, அதிகாரியின் கையெழுத்து இருக்கும். உங்கள் பெயர் அதில் குத்தகைதாரராக நிற்க வேண்டும். அதற்கு முந்தைய வரியில் அடமானம் ஏதாவது உயிரோடு இருந்தால், நாளைக்கு வங்கி ஏலம் போடும்போது உங்கள் குத்தகை ஆட்டம் காணலாம். தேதிகள் புத்த வருடத்தில் இருக்கும், 543-ஐக் கழிக்க வேண்டும். 2540 என்றிருந்தால் 1997. முடிவு 2570, அதாவது 2027. எந்த மாதம், எந்தத் தேதி என்பதைப் பதிவில் உள்ளபடியே எடுத்துக்கொள்ளுங்கள், வீடு குடிபோன நாளை வைத்து எண்ண வேண்டாம். 1 ராய் என்பது 400 சதுர வா, 1,600 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய 39½ சென்ட், ஒரு மாவைவிடச் சற்றுக் கூட.

உங்களிடம் இருக்கும் ஆங்கில ஒப்பந்தமும், நில அலுவலகத்தில் பதிந்த தாய்லாந்து மொழிக் காகிதமும் ஒன்றுதானா என்று பாருங்கள். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கையில் பதினைந்து பக்க ஆங்கில ஒப்பந்தம் இருக்கும். பதிவானதோ அலுவலகத்தின் அச்சுப் படிவம், ஒன்றிரண்டு பக்கம். புதுப்பித்தல், வாரிசு, கட்டடம் பற்றிய வாசகங்களெல்லாம் பதியாத காகிதத்தில் மட்டும் இருக்கும்.

மகள் சொத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாரா என்பதையும் அதே பின்பக்கத்தில் பார்த்துவிடுங்கள். இன்னும் இறந்தவர் பெயரிலேயே பத்திரம் இருந்தால், மகள் போடும் கையெழுத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். முறைப்படிப் பெயர் மாற்றம் நடந்த பிறகே புதுக் குத்தகை. அவருக்கு அண்ணன் தம்பி இருந்தால் அவர்களுக்கும் பங்கிருக்கும். இது நம் ஊர்ப் பட்டா மாற்றத்தில் வரும் அதே தலைவலிதான்.

இனி வீடு. பிறர் மனையில், அவர் கொடுத்த உரிமையின் பேரில் கட்டிய கட்டடம் மனையோடு சேராது என்று 146-ஆம் பிரிவு சொல்கிறது. எனவே வீடு உங்களுடையதுதான், உங்கள் ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாத வரை. 'குத்தகை முடிந்ததும் கட்டடங்கள் உரிமையாளரைச் சேரும்' என்ற வரி பல ஒப்பந்தங்களில் கண்ணில் படாமல் கிடக்கும். அது இருந்தால் வீட்டுக்கு ஒரு பாத் கூடக் கேட்க முடியாது. இல்லையென்றால் உரிமையை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. உங்கள் பெயரில் வாங்கிய கட்டட அனுமதி, கொத்தனார் ஒப்பந்தம், பணம் கொடுத்த ரசீது, 2020 முதல் வசூலாகும் நில–கட்டட வரியின் ரசீது ஆகியவை வேண்டும். தபியன் பான் என்கிற வீட்டுப் புத்தகத்தைக் காட்டி "என் வீடு" என்று சொல்லிப் பயனில்லை. அது முகவரிப் பதிவு, உரிமைப் பத்திரம் அல்ல.

உங்கள் வீடு உங்களுடையதாகவே இருந்தாலும், குத்தகை முடிந்தபின் அந்தத் தரையில் நிற்க அதற்கு உரிமை கிடையாது. பிரித்து எடுத்துக்கொண்டு போ என்று சொன்னால் கான்கிரீட் வீட்டை எங்கே கொண்டுபோவது? அதனால் வீட்டை மகளுக்கே விற்பதோ, அதன் மதிப்பைப் புதுக் குத்தகைத் தொகையில் கழித்துக்கொள்வதோ காலம் முடிவதற்கு முன்பே நடக்க வேண்டும். தரை இல்லாமல் கட்டடத்தை மட்டும் கைமாற்றினால் நில அலுவலகம் 30 நாள் பொது அறிவிப்பு ஒட்டும். கடைசி மாதம் வரை இழுத்தால் நாள் போதாது.

வாடகைக்கு விட்டிருப்பதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது சாதாரண விஷயம் அல்ல. உரிமையாளர் சம்மதம் இல்லாமல் உள்குத்தகை விட 544-ஆம் பிரிவு இடம் கொடுக்காது, மீறினால் குத்தகையை முறிக்கலாம். வீடு உங்களுடையது, வாடகை வீட்டுக்குத்தான் என்று பதில் சொல்லலாம். வீட்டோடு மனையின் அனுபோகமும் போகிறதே என்று அவர்கள் சொல்வார்கள். ஒப்பந்தத்தில் சம்மத வாசகம் இல்லையென்றால், மகளோடு சண்டை வளர்ப்பதற்கு முன் இந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

முடிந்த பிறகும் பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். உரிமையாளர் தெரிந்தே ஆட்சேபிக்காமல் விட்டால் காலவரையற்ற குத்தகையாக அது தொடரும் என்று 570-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் அதை வாடகைத் தவணை ஒன்றுக்கான அறிவிப்பில், அதிகபட்சம் இரண்டு மாத அறிவிப்பில், முடித்துவிடலாம். இந்த மகளோ இப்போதே ஆட்சேபிக்கிறார்.

மகன் பெயரில் எழுதுவது நல்ல யோசனை, நானும் அதையே சொல்வேன். குத்தகைதாரர் இறந்தால் அங்கே குத்தகை முடிந்துவிடும். வாரிசுக்குத் தொடரும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால்தான் வழி. அறுபதைத் தாண்டியவர் ஒற்றைப் பெயரில் 30 வருடத்துக்கு எழுதுவது பிள்ளைக்கு வழக்கை எழுதிவைப்பது போல. இரண்டு பேரையும் கூட்டுக் குத்தகைதாரராகப் போடுங்கள், வாரிசு வாசகத்தையும் பதிந்த காகிதத்திலேயே கொண்டுவாருங்கள். மகள் இசைந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. 2019-இல் வந்த சப்-இங்-சித் சட்டத்தின் கீழ், சனோட் உள்ள மனையில் 30 வருடம் வரை ஒரு உரிமையைப் பதியலாம். அதை விற்கலாம், அடமானம் வைக்கலாம், வாரிசுக்கும் போகும். சாதாரணக் குத்தகையைவிட உங்களுக்கு எவ்வளவோ மேல்.

பதிவுக் கட்டணம் மொத்தக் குத்தகைத் தொகையில் 1 சதவீதம், முத்திரை வரி 0.1 சதவீதம். 6,00,000 பாத் என்றால் 6,000-மும் 600-ம். இந்தச் சில்லறையை மிச்சம்பிடிக்கத் தொகையைக் குறைத்து எழுதச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள். பிரச்சினை வந்தால் எழுதிய தொகைதான் உங்கள் தொகை. நேரில் போக முடியாவிட்டால் நில அலுவலகத்தின் சொந்தப் பவர் படிவத்தில், தோர் தோர் 21 என்பார்கள், தாய்லாந்து மொழியிலேயே எழுத வேண்டும். நம் ஊர் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய பவரை அங்கே தொடமாட்டார்கள். அதோடு சென்னையிலுள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகத்தில் என்னென்ன சான்று வேண்டும் என்று முதலில் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பணம் அனுப்புவது நம் நாட்டுச் சட்டம் பற்றியது. நீங்கள் அங்கே வசித்தபோது பெற்ற பழைய குத்தகையை வைத்திருக்க ஃபெமா என்கிற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 6(4) பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் இப்போது நீங்கள் இந்தியவாசி. 5 வருடத்துக்கு மேற்பட்ட புதுக் குத்தகை வெளிநாட்டு அசையாச் சொத்து வாங்குவதாகவே கணக்காகும். 2022-ஆம் வருட வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி வங்கி வழியாக, இந்தியவாசிகள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான எல்ஆர்எஸ் திட்டத்தில், நிதியாண்டுக்கு 2,50,000 டாலருக்குள் அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் என்கிற முன்வரி பிடிக்கும், வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். மகன் சிங்கப்பூர்ச் சம்பளத்திலிருந்து நேரே கட்டினால் இந்தச் சுற்றே தேவையில்லை. உண்டியலில் (ஹவாலாவில்) மட்டும் அனுப்பாதீர்கள்.

ஊர் திரும்பிய பிறகு அந்த வீட்டையும் வாடகையையும் இங்கே வரிக் கணக்கில், வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டினீர்களா? காட்டாமல் விட்டால் 2015-ஆம் வருடக் கறுப்புப் பணச் சட்டத்தில் அபராதம் 10 லட்சம் ரூபாய். 20 லட்சத்துக்குக் குறைந்த சொத்துக்கு 2024 அக்டோபரில் வந்த விலக்கு அசையாச் சொத்துக்குப் பொருந்தாது. புதுக் காகிதம் எழுதுவதற்கு முன் ஆடிட்டரைப் பார்த்து இதைச் சரிசெய்யுங்கள்.

நண்பர் சொன்ன பினாமி யோசனையை இன்றோடு விடுங்கள். வெளிநாட்டவருக்காகத் தாய்லாந்துக்காரர் பெயரில் வாங்கிய நிலத்தை விற்றுவிடும்படி அங்குள்ள நிலச் சட்டம் உத்தரவிடும், தண்டனையும் உண்டு. கம்பெனி வைத்துச் செய்தால் 1999-ஆம் வருட வெளிநாட்டவர் தொழில் சட்டத்தில் 3 வருடம் வரை சிறை, 1 லட்சம் முதல் 10 லட்சம் பாத் வரை அபராதம். அந்தத் தாய்லாந்துக்காரர் "இடம் என்னுடையது" என்று திரும்பினால் நீங்கள் எந்த நீதிமன்றத்திலும் நியாயம் கேட்க முடியாது.

இந்த மாதமே அங்கு உரிமம் பெற்ற ஒரு வக்கீலை, மகளின் தரப்போடு தொடர்பில்லாதவராகப் பார்த்து அமர்த்துங்கள். சனோட்டின் இரு பக்க நகலையும், பதிந்த குத்தகைப் படிவத்தின் நகலையும் நில அலுவலகத்திலிருந்து எடுத்து, முழு மொழிபெயர்ப்போடு அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் காகிதம் கைக்கு வரும்வரை மகளிடம் தொகை எதுவும் வாய் திறந்து சொல்ல வேண்டாம்.