வெறும் வளவைத் துப்புரவாக்கி மரம் வைத்தால் அயலவர் உடல்நலத்துக்கு உண்மையிலேயே பயன் உண்டா?

உண்டு. ஆனால் குப்பையை அள்ளிப்போட்டுவிட்டுக் கலைந்துபோகிற சிரமதானம் மட்டும் போதாது.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 541 வெறும் வளவுகளை மூன்றாகப் பிரித்துச் சோதித்தார்கள். முடிவு 2018இல் வெளிவந்தது. ஒரு பிரிவில் குப்பையை அகற்றி, நிலத்தை மட்டமாக்கி, புல்லும் கொஞ்ச மரமும் வைத்து, தாழ்வாக வேலி போட்டுத் தொடர்ந்து பராமரித்தார்கள். இன்னொன்றில் குப்பை அகற்றியதோடு சரி. மீதியை அப்படியே விட்டார்கள். கைவைக்காத இடங்களோடு ஒப்பிட்டால், பச்சையாக்கிய வளவுகளுக்குப் பக்கத்தில் இருந்தவர்களிடம் மனம் சோர்ந்திருப்பதாகச் சொல்வது 41.5 சதவீதம் குறைந்திருந்தது. குப்பை மட்டும் அள்ளிய இடங்களில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. இத்தனைக்கும் யாரையும் பூங்காவுக்குப் போ என்று சொல்லவில்லை.

திருகோணமலையில் இதைவிட முதலில் வேண்டியது நிழல். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் காலை ஒன்பது மணிக்கே தார் றோட்டு கொதிக்கும். சீனி, பிரசர் என்று டொக்டர் நடக்கச் சொன்னவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே பலர். விடியவே டச் பே கடற்கரைக்குப் போனால் உண்டு, பிந்தினால் அன்றைக்கு நடை இல்லை. மரம் வெயிலை மறைப்பதோடு, இலைகள் விடும் நீராவியாலும் சுற்றுக் காற்றுச் சூடு தணியும். வீட்டிலிருந்து சந்தி வரை தொடர்ந்து நிழல் இருந்தால் பாண் வாங்கக்கூட மோட்டார் சைக்கிளை எடுக்கிறவர்கள் கொஞ்சப் பேராவது நடப்பார்கள்.

மரம் வைத்தால் நுளம்பு பெருகும் என்று மாமி இன்னும் சொல்லுவா. 2017இல் கிண்ணியா டெங்கில் பட்ட பாட்டைக் கண்டவர்களுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் டெங்கு நுளம்பு தேடுவது தேங்கிய தண்ணீரை: சிரட்டை, யோகட் கப், பழைய டயர். ஆள் பார்க்காத வளவில்தான் இதெல்லாம் சேரும். மரப்பொந்தில் தண்ணீர் நின்றால் மண் போட்டு மூடிவிடுங்கள்.

வேம்பு, பூவரசு, மருது எங்கள் மண்ணுக்குச் சரிவரும். கூண்டு கட்டாயம், மான் ரவுணுக்குள்ளேயே உலாவுகிற ஊர் இது, மாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்புறம், ஜூன் 5 சுற்றாடல் தினத்தில் நடாதீர்கள். கன்றுக்கு அதைவிட மோசமான நாள் எங்கள் பக்கம் இல்லை. படம் எடுத்து முடிய, ஆவணிக்குள் குச்சிதான் மிஞ்சும். ஐப்பசி மழையோடு நடுங்கள். அடுத்த கோடைக்கு எந்த வீட்டார் எந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது என்பதை நடுகிற அன்றே பேசி முடித்துவிடுங்கள்.