ஓடுகிறவர், நிற்கிறவர், நடக்கிறவர்

கேள்வி: ஆங்கிலத்தில் 'ரன்' என்ற சின்னஞ்சிறு சொல்லுக்கு 645 பொருள் இருக்கிறதாம். கல்லூரியில் படிக்கும் என் பேத்தி இதைச் சொல்லிவிட்டு, "தமிழில் இப்படி ஒரு சொல்லைக் காட்டுங்கள் பார்க்கலாம், பாட்டி" என்கிறாள். எதைச் சொல்லி அவள் வாயை அடைப்பது?
— ஒரு வாசகி, ஈசூன்

பதில்: வாயை ஏன் அம்மா அடைக்க வேண்டும்? சிங்கப்பூரில் பாட்டியிடம் தமிழிலேயே வம்புக்கு வரும் பேத்தி கிடைத்திருக்கிறாள். அந்த வாய் திறந்தே இருக்கட்டும்.

அவள் சொன்ன கணக்கு சரிதான். 2011இல் ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் எண்ணிச் சொன்னது அது. அதுவும் வினைச்சொல்லாக வரும்போது மட்டும். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினாராம். பிள்ளை பெற நம் கணக்கில் பத்து மாதம். அவருக்கு ஒரு மாதம் மிச்சம். அதற்கு முன்னால் 'செட்' என்ற சொல்தான் முதலிடத்தில் இருந்தது. 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்கு 430 பொருள்.

எனக்கு அந்த 645இல் ஒன்றின் மேல்தான் கண். அமெரிக்காவில் தேர்தல் வந்தால் வேட்பாளர் 'ரன்' செய்கிறார், அதாவது ஓடுகிறார். பிரிட்டனில் அதே மனிதர் நிற்கிறார். தமிழிலும் நிற்கத்தான் செய்கிறார்; வென்ற பிறகு கண்ணில் படுவதில்லை என்பது வேறு கதை. சிங்கப்பூரிலோ மூன்றாவது வழி ஒன்று உண்டு, வாக்ஓவர், அதாவது எதிர்த்துப் போட்டியிட ஆளில்லாத வெற்றி. ஓட வேண்டாம், நிற்க வேண்டாம், வேட்புமனு நாளன்று நடந்து போய் நடந்து வந்தால் போதும். 2025 பொதுத்தேர்தலில் மரின் பரேட்–பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதி அப்படித்தான் முடிந்தது. தஞ்சோங் பகார் குழுத்தொகுதி 1991இல் உருவானது. அங்கே முதன்முதலில் போட்டி நடந்ததே 2015இல். வேட்பாளர்கள் நடந்தார்கள், வாக்காளர்கள் 24 ஆண்டுகள் உட்கார்ந்தே இருந்தார்கள். ஆக்ஸ்ஃபர்டுக்காரர் இங்கே வந்து இன்னொரு மூன்று மாதம் தங்கியிருக்கலாம்.

பேத்திக்குப் பதில்தானே வேண்டும்? "ஓடு" என்று சொல்லுங்கள். விரட்டுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வாள், பரவாயில்லை. தேக்காவின் பழைய கடைவீடுகளுக்கு மேலே இருப்பது ஓடு. ஆமைக்கு முதுகில், முட்டைக்கு வெளியில், பரதேசிக்குக் கையில். கடை ஓடுகிறது என்றால் அது இருந்த இடத்தில்தான் இருக்கிறது, வியாபாரம் நடக்கிறது என்று பொருள். பதறிப்போனால் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. (கை என்றைக்கு ஓடியது?) நீங்கள் பேத்தியோடு பேசுகிறீர்களே, அங்கேயும் வாலில் ஓர் ஓடு. இதெல்லாம் ஒரே சொல் அல்ல, வேர் வேறு, இலக்கணம் வேறு என்று புலவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஓடி வரட்டும்.

எண்ணிக்கையைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. முதல் பொருளை மட்டும் தெரிந்துகொண்டு மொழிபெயர்க்கக் கிளம்புகிறார்களே, அவர்களைப் பற்றித்தான் கவலை. போன மாதம் சளியோடு ஒரு மருந்தகத்துக்குப் போயிருந்தேன். சுவரில் நான்கு மொழிகளில் அறிவிப்பு. தமிழில், "மூக்கு ஓடினால் முகக்கவசம் அணியவும்" என்று இருந்தது. கைக்குட்டையோடு சேர்த்து மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். இருந்த இடத்திலேயே இருந்தது. தமிழனுக்கு மூக்கு ஒழுகும், ஓடாது. ஓடுகிற மூக்குக்கு முகக்கவசம் எதற்கு, கயிறு அல்லவா வேண்டும்?

இதைச் சொன்னால், "2014ஐ மறுபடி ஆரம்பித்துவிட்டான்" என்று பழைய வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். ஆரம்பிக்கத்தான் போகிறேன். சிங்கப்பூரின் லாவ் பா சாட் உணவங்காடிக்கு வைத்த பலகை ஒன்றில் தமிழில் 'லாவ் பா சனி' என்று இருந்ததே, நினைவிருக்கிறதா? 'சாட்' ஆங்கிலச் சனிக்கிழமையின் சுருக்கமாகிவிட்டது. உண்மையில் அது, மலாய்ப் 'பாசார்' ஹொக்கியன் நாக்கில் விழுந்து எழுந்த உருவம். மலாய்க்கு அது பாரசீகத்திலிருந்து வந்தது. நம் பஜாரும் அந்த வீட்டுப் பிள்ளைதான். 'லாவ்' என்றால் பழைய. ஆக, பழைய பஜார். 1894இல் வார்ப்பிரும்புத் தூண்களோடு எண்கோணமாக எழுந்த அழகான கட்டடம். அதன் தலையில் சனி பகவானை ஏற்றி உட்கார வைத்துவிட்டார்கள். சாத்தே சாப்பிடப் போகிறவன் எள் விளக்கும் எடுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. சனி விலக ஏழரை ஆண்டாகும். நல்லவேளை, பலகையை அதற்கு முன்பே மாற்றிவிட்டார்கள்.

ஊரைச் சொல்லும் உன் வீட்டு லட்சணம் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் பிழைதிருத்துநருக்கும் எனக்கும் பதினோரு ஆண்டு வழக்கு. கிரிக்கெட் செய்தியில் நான் 'ரன்' என்று எழுதுவேன், அவர் 'ஓட்டம்' என்று திருத்துவார். நான் மறுபடி மாற்றுவேன். ஒரு நாள் பொறுமை இழந்தவர், அந்த இதழ் முழுவதிலும் 'ரன்' வந்த இடமெல்லாம் 'ஓட்டம்' என்று மாறும்படி கணினிக்குக் கட்டளையிட்டுவிட்டார். கிரிக்கெட் பக்கம் அருமையாக வந்தது. கவிதைப் பக்கத்தில் வானில் 'சந்திஓட்டம்' உதித்தது. சிறுகதையில் 'வீஓட்டம்' ஒருவன் வாளை உருவினான். மணமக்கள் பகுதியில் மாப்பிள்ளையின் பெயர் 'குமஓட்டம்'. பெண் வீட்டார் தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

உங்களுக்குப் பேத்தியாகப் பிறந்தாள், தப்பித்தாள். பேரனாக இருந்திருந்தால் இந்தப் பக்கத்தில் அவன் 'பேஓட்டம்'.