ஸ்டேஷனுக்கு அல்ல, பள்ளிக்கூடத்துக்கு

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கு வயது 15. காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு, சீருடையில் கிளம்பி, மாட்டுத்தாவணியில் சட்டையை மாற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறான். கணக்கு விடைத்தாளை எங்களிடம் காட்டவே இல்லை. போன மாதம் கோபித்துக்கொண்டு போனவன், இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பினான். “ஸ்டேஷனில் ஒரு நாள் உட்கார வைத்தால் திருந்திவிடுவான், இல்லையென்றால் சீர்திருத்தப் பள்ளியில் விட்டுவிடலாம்” என்கிறான் என் தம்பி. செய்யலாமா?
— ஒரு தாய், மேலூர்

பதில்: வேண்டாம், அம்மா. பள்ளிக்கு மட்டம் போடுவதும் வீட்டை விட்டுப் போவதும் நம் நாட்டில் குற்றங்கள் அல்ல. அமெரிக்காவில் இவற்றுக்காகவே சிறுவர்களை நீதிமன்றத்தில் நிறுத்துவது உண்டு. அங்கேகூட, மத்திய அரசின் நிதியைப் பெறும் மாநிலங்கள் இத்தகைய பிள்ளைகளை அடைத்து வைப்பதைக் கைவிட வேண்டும் என்று 1974-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. நம்முடைய 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமோ, ஓடிப்போன பிள்ளையைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாகவே கருதுகிறது. உங்கள் தம்பியைப் போலப் பலரும் சீர்திருத்தப் பள்ளி என்று சொல்வது பெரும்பாலும் கூர்நோக்கு இல்லத்தைத்தான். அது, குற்றம் செய்ததாகப் புகார் உள்ள சிறார்களை விசாரணைக் காலத்தில் வைத்திருக்கும் இடமே தவிர, பெற்றவர்கள் கொண்டுபோய்ச் சேர்க்கும் விடுதி அன்று.

“சும்மா ஒரு மிரட்டல்தானே” என்று தோன்றலாம். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனை வழியில் போகிற தெரிந்தவர் ஒருவர் பார்த்தால் போதும், மாலைக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிடும். மறுநாள் எந்த முகத்தோடு அவன் வகுப்புக்குப் போவான்?

ஆனால் அவன் மீண்டும் காணாமல் போனால், ஒரு மணி நேரம்கூடக் காத்திராமல் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். குழந்தை காணாமல் போனால் வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டிருக்கிறது. 1098 என்ற இலவச எண்ணையும் அழையுங்கள். வேறு ஊரில் மீட்கப்பட்டால், 24 மணி நேரத்துக்குள் அவனைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவருவார்கள். அது தண்டிக்கும் மன்றம் அன்று.

கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு: காட்டாத கணக்கு விடைத்தாள். அந்தத் தாள் வந்த நாள்களில்தான் பையில் மாற்றுச்சட்டை ஏறியிருக்கிறது; ஆகவே அவன் பள்ளியை வெறுக்கிறான் என்பதைவிட, அந்த ஒரு வகுப்பை அஞ்சுகிறான் என்றே நினைக்கிறேன். நம் பக்கம் தாய்மாமன் சொல்லுக்கு உள்ள மதிப்பை நான் அறிவேன். அந்த மதிப்பை இங்கே பயன்படுத்துங்கள்: திங்கட்கிழமை காலை உங்கள் தம்பியே வகுப்பாசிரியரைத் தனியாகப் பார்த்து, அந்தத் தாளில் என்ன இருந்தது, வகுப்பில் அதைத் தொடர்ந்து என்ன நடந்தது என்று கேட்டு வரட்டும்.